8 பிஎஸ்ஐ-யைத் தேடிப் போய் ஒரு பிஸ்டனைத் தொலைத்த கதை

சூப்பர்சார்ஜர் தள்ளும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மாட்டி முடித்த அன்று மாலையே வண்டியை வெளியே எடுத்தேன். மூன்றாவது கியர், 3000 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் தரையோடு தரையாக. அதுவரை 8 பிஎஸ்ஐ-யில் போய் நின்றுகொண்டிருந்த பூஸ்ட் முள் (உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்று காட்டுவது) அன்று 6-ஐத் தாண்டவில்லை. திரும்பவும் மிதித்தேன். அதே 6. இரண்டு வார இறுதிகள் வண்டிக்கு அடியில் படுத்து, முன் பம்பரைக் கழற்றி, குழாய் வெட்டி, விரல் தோலை உரித்துக்கொண்டது 2 பிஎஸ்ஐ-யைத் தொலைக்கத்தானா? எங்கோ காற்று கசிகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

கசிவு எங்கும் இல்லை. முள் இறங்கியதுதான் இன்டர்கூலர் ஒழுங்காக வேலை செய்ததற்கு அத்தாட்சி. இது என் மண்டையில் ஏற நான்கு மாதமும் ஒரு பிஸ்டனும் செலவாயின.

வண்டி முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். 1839 சிசி, போர் 83 மி.மீ., ஸ்ட்ரோக் 85 மி.மீ., கம்ப்ரெஷன் 9-க்கு 1. சுமார் 130 குதிரைத்திறன். ஒரு டன்னை ஒட்டிய எடை என்பதால் அந்தத் திறனே போதும் என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது நியாயம்தான். நான் கேட்கவில்லை.

கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ள, எக்ஸாஸ்ட் வாயுவில் சுழலும் டர்போ போடாமல் பெல்ட்டில் சுழலும் சூப்பர்சார்ஜர் போட்டதற்கு உயர்ந்த காரணங்கள் சொல்லலாம். காலை வைத்த நொடியே இழுக்கும், எக்ஸாஸ்ட் பக்கம் கை வைக்க வேண்டாம், பானட்டுக்குள் சூடு குறைவு. எல்லாம் உண்மை. ஆனால் உண்மையிலும் உண்மை, பிரித்து வைத்த ஒரு பழைய கிட் என் கைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான். அதில் இருந்தது ஈட்டன் எம்45. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது 737 சிசி காற்றைத் தள்ளும் என்பதால் அந்தப் பெயர். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் வண்டியிலும் இதே அளவுதான், ஆனால் அதில் இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். என் கிட்டில் இன்டர்கூலரே கிடையாது.

இது ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், ப்ளோயர் என்றும் சொல்வோம். 1860-ல் ரூட்ஸ் சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது கார் என்ற ஒன்றே கிடையாது. காற்று ஊத ஒரு கருவி, அவ்வளவுதான். இன்றைக்கும் அது ஊதத்தான் செய்கிறது. உள்ளுக்குள் காற்றை அமுக்குவதில்லை. இரண்டு ரோட்டர்களுக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் காற்றை அள்ளிக்கொண்டு போய் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) பக்கம் கொட்டும். அங்கே ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று திருப்பி அடித்து இதை நசுக்கும். இந்த முரட்டு வேலையால்தான் ரூட்ஸ் ப்ளோயர் மற்ற வகைகளைவிட அதிகமாகக் காற்றைச் சூடாக்குகிறது.

மாட்டுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தேன்: ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட். இன்ஜின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து. நாலு சிலிண்டரிலும் 175-க்கும் 182 பிஎஸ்ஐ-க்கும் இடையில் வந்தது. அந்த எண்களைத் தேதியோடு எழுதி வைத்தேன். இதைச் செய்யாமல் பூஸ்ட் போடுகிறவர்கள், பின்னால் இன்ஜின் போனால் யார் மேல் பழி போடுவது என்றுகூடத் தெரியாமல் நிற்பார்கள்.

ப்ளோயர் எப்படி மாட்டினேன் என்று விவரிக்கப் போவதில்லை. பிராக்கெட், பெல்ட், நான்கு போல்ட். கிட்டில் வந்த தாளைப் பார்த்து யாரும் செய்யலாம். ப்ளோயரின் மூக்குப் பகுதியில் இருக்கும் ஆயிலை மாற்றும்போது மட்டும் காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள். அந்த நாற்றம் கையை விட்டுப் போக மூன்று நாள் ஆகும். ஐடிலில் கடகடவென்று சத்தம் வந்தால் மூக்குக்குள் இருக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது, அதை அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோல் பக்கம் கொஞ்சம் கணக்குப் போட்டேன். எதிர்பார்த்தது 190 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 190-ஐ 0.6-ஆல் பெருக்கி, நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்து, 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தால் ஓர் இன்ஜெக்டருக்கு மணிக்கு 36 பவுண்டு வரும். நிமிடத்துக்கு 375 சிசி போல. ஏன் 80 சதவீதம்? 7000 ஆர்பிஎம்-மில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, 17 மில்லி செகண்டுதான் நேரம். இன்ஜெக்டர் 17 மில்லி செகண்டும் திறந்தே இருந்தால் அது இன்ஜெக்டர் இல்லை, குழாய். அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் அது தராது.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான பழைய ஈசியு-வை எடுத்துவிட்டு, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் கணக்கிடும் ஈசியு ஒன்றைப் போட்டேன். அதற்கு இரண்டு தகவல் போதும்: மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு. இரண்டையும் வைத்துக் காற்றின் எடையைக் கணித்து அதற்கேற்பப் பெட்ரோல் விடும். இங்கேதான் என் தப்பின் விதை விழுந்தது. காற்றின் வெப்பநிலை சென்சாரை ஏர் ஃபில்டர் டப்பாவிலேயே விட்டுவிட்டேன். பழைய இடத்தில் ஒயர் இருந்தது, நீட்டச் சோம்பல்.

அதன் விளைவைப் பாருங்கள். வெளிக்காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 8 பிஎஸ்ஐ-க்கு அமுக்கினால், எந்த இழப்பும் இல்லாத இலட்சியக் கருவியில்கூட 40 டிகிரி ஏறும். ரூட்ஸ் ப்ளோயரின் செயல்திறன் 55 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ஏற்றம் 73 டிகிரி. ஆக, இன்ஜினுக்குள் போகிற காற்று 103 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் சூடு. என் ஈசியு-வோ ஃபில்டர் டப்பாவில் 35 டிகிரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தது.

ஆனாலும் வண்டி ஓடியது. காரணம், டியூன் செய்யும்போது காற்று–பெட்ரோல் விகிதத்தை (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று; எண் ஏறினால் பெட்ரோல் குறைவு) நேரே அளந்து, முழு பூஸ்டில் 11.8 வருகிற மாதிரி, எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற ஈசியு அட்டவணையை நிரப்பிவிட்டேன். அந்த 8 பிஎஸ்ஐ வரிசையில் எழுதிய எண்கள் 103 டிகிரி காற்றுக்கான எண்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நாக்கிங் (சூட்டிலும் அழுத்தத்திலும் பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) வராமல் இருக்க டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, நிறையப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. ஒரு பிஎஸ்ஐ-க்கு ஒரு டிகிரி என்பது பழைய வழக்கு. எனக்கு அதற்கு மேலும் போனது. வெயில் நாளில் இரண்டாவது முறை மிதித்தால், தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி லேசாகக் கேட்கும். டைமிங் பின்னால் போனால் எரிதலும் தாமதமாகும், திறன் குறையும், எக்ஸாஸ்ட் பழுக்கும். ப்ளோயர் தருகிற பலத்தில் பாதியைச் சூடு தின்றுகொண்டிருந்தது. அதனால்தான் இன்டர்கூலர் யோசனை.

காற்றுக்குக் காற்று, காற்றுக்குத் தண்ணீர் என்று இரண்டு வகை உண்டு. தண்ணீர் வகை சின்னது, குழாய் நீளம் குறைவு, சட்டென்று வரும் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் பம்ப், தண்ணீர்த் தொட்டி, முன்னால் இன்னொரு குட்டி ரேடியேட்டர் என்று பழுதாகக்கூடிய சாமான்கள் கூடுகின்றன. தொடர்ந்து மிதித்தால் தண்ணீரே சூடாகி, ஆற நேரம் கேட்கும். நான் காற்று வகையை எடுத்தேன். பழுதாக அதில் எதுவும் இல்லை.

குழாய் வேலை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நேரத்தில் முக்கால்வாசி அதற்குத்தான் போனது. ப்ளோயரிலிருந்து முன்னால் போகும் சூடான குழாய் 50 மி.மீ., திரும்பி வரும் குழாய் 57 மி.மீ. அலுமினியக் குழாயின் ஓரத்தில் மேடு தட்டாமல் சிலிக்கான் ஹோஸைச் செருகினால், கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு போகும். எனக்கு மூன்றாம் நாளே போனது. ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அதன் பின் வண்டி கிழட்டு மாடு. ஓரத்தில் ஒரு சின்ன வெல்டிங் மேடு வைத்து, ஹோஸின் உள்பக்கத்தையும் குழாயையும் ஆயில் பிசுக்கில்லாமல் துடைத்து, புழு கிளாம்பை எறிந்துவிட்டு டி-போல்ட் கிளாம்ப் போட்டேன். அதன் பிறகு ஒன்றும் கழலவில்லை. இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் போகும் குழாயில் குறைந்தது இரண்டு இடத்தில் ஹோஸ் இருந்தாக வேண்டும்.

இன்டர்கூலரை முன்னால் தொங்கவிட்டால் மட்டும் போதாது. காற்று சோம்பேறி, சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றித்தான் போகும். பம்பர் வாய்க்கும் கூலருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அலுமினியத் தகடும் ஃபோம் பட்டையும் வைத்து அடைத்தேன். அதே நாள், அதே சாலையில், அடைப்பதற்கு முன்னும் பின்னும் கூலரின் வெளிவாயைத் தெர்மாமீட்டர் வைத்து அளந்ததில் 9 டிகிரி வித்தியாசம். இந்த வேலை முழுவதிலும் அற்பச் செலவில் கிடைத்த அதிகப் பலன் இதுதான்.

இப்போது முதல் பத்திக்கு வருவோம். முள் 6-இல் நின்றது.

மறுநாளே கசிவு தேடல். குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் வால்வு வைத்த மூடி செய்து, 10 பிஎஸ்ஐ காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட இல்லை. திரும்பத் தடவினேன். இல்லை. கூலரின் உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் கேஜ் வைத்தேன். நடுவில் இழப்பு 0.7 பிஎஸ்ஐ மட்டுமே. மீதி எங்கே?

அந்த முதல் நாளே இன்னொரு சாட்சியும் கண்ணெதிரே இருந்தது. காற்று–பெட்ரோல் விகிதம் 11.8-லிருந்து 12.9-க்குப் போயிருந்தது. பெட்ரோல் குறைந்துவிட்டது என்று நினைத்து, 6 பிஎஸ்ஐ வரிசையில் 9 சதவீதம் பெட்ரோல் கூட்டிவிட்டேன். சரியாகிவிட்டது. ஏன் குறைந்தது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஈசியு முள்ளைப் பார்த்து 6 பிஎஸ்ஐ-க்கான பெட்ரோலை விட்டது. உள்ளே போன காற்றோ பழைய 8 பிஎஸ்ஐ நாளில் போன அதே காற்று. காற்று குறையவே இல்லை. அதைத்தான் அந்த 12.9 கத்திக் கத்திச் சொன்னது.

எனக்கு 8 வேண்டும். அவ்வளவுதான். 70 மி.மீ. ப்ளோயர் புல்லியைக் கழற்றிவிட்டு 62 மி.மீ. புல்லி போட்டேன். கிராங்க் புல்லி 120 மி.மீ. என்பதால் ப்ளோயரின் வேகம் இன்ஜினைவிட 1.71 மடங்கிலிருந்து 1.94 மடங்காகியது. முள் 8-ஐத் தொட்டது. கூலர் இருக்கிறதே என்ற தைரியத்தில் டைமிங்கிலும் 4 டிகிரி கூட்டினேன். வண்டி பறந்தது, அதை மறுக்க மாட்டேன். பத்து நாள் நான் உலகத்திலேயே கெட்டிக்காரன்.

பதினோராம் நாள், நாலாவது கியரில் நீண்ட இழுப்பு. கண் பூஸ்ட் முள்ளில். காது ப்ளோயர் விசிலில். அந்த விசில் மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிவிடும், நாக்கிங் கேட்கவில்லை. கால் எடுத்ததும் கண்ணாடியில் நீலப் புகை. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து ஒரு சாண் வெளியே எழும்பி நிற்கிறது, பானட்டின் உள்பக்கமெல்லாம் ஆயில்.

டிப்ஸ்டிக் தானாக எழுந்து நின்றால் பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். எரியும் அறையிலிருந்து பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. கம்ப்ரெஷன் பார்த்தேன்: 178, 180, 176, 95. நாலாவது சிலிண்டரில் காற்று அடித்துக் கேட்டால் ஆயில் ஊற்றும் வாயில் ‘உஸ்’ என்று வருகிறது. வால்வு இல்லை, ரிங். பிரித்துப் பார்த்தபோது நாலாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே உள்ள பகுதி ஒரு அங்குல நீளத்துக்கு உடைந்து கிடந்தது. நாக்கிங்கின் கையெழுத்து அது. அந்தச் சிலிண்டரின் பிளக்கில் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி கரும்புள்ளிகள், நடுவில் மினுமினுக்கும் அலுமினியப் பொட்டுகள். வாரம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் உடைவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

என்னைவிட முப்பது வருடம் அதிகம் இன்ஜின் பிரித்த ஒரு அண்ணனிடம் பிஸ்டனைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லாக் இருக்கா தம்பி?” என்றார். இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்தையும் ஈசியு பதிந்துதான் வைத்திருந்தது, நான்தான் புல்லி மாற்றிய பிறகு ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. 6200 ஆர்பிஎம், 8 பிஎஸ்ஐ, விகிதம் 13.4.

“காத்து சூடு எவ்வளவு காட்டுது?”

“36, அண்ணே.”

“கூலருக்கு அப்புறமா 36?”

“இல்ல... ஃபில்டர்ல.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்டனை மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

அன்றிரவு பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். என் இன்ஜின் ஒரு சுற்றுக்கு விழுங்கக்கூடியது 1839-இல் பாதி, 920 சிசி. நடைமுறையில் அதற்கும் குறைவு. 70 மி.மீ. புல்லியில் ப்ளோயர் ஒரு இன்ஜின் சுற்றுக்கு அள்ளுவது 737-ஐ 1.71-ஆல் பெருக்கினால் 1260 சிசி, கசிவைக் கழித்தால் 1070 போல. இந்த அளவை முடிவு செய்வது ப்ளோயரின் வாய். அது அள்ளுவது வெளிக்காற்றை. அள்ளியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, அத்தனையும் இன்ஜின் வழியாகப் போயாக வேண்டும். போதுமான இடம் இல்லாததால் நெரிசல் ஏற்படுகிறது. அந்த நெரிசலின் அளவுதான் பூஸ்ட் கேஜில் தெரிவது.

ஊருக்குப் போகப் பெட்டி கட்டுவதை நினைத்துப் பாருங்கள். இருபது உருப்படித் துணியைக் கசக்கித் திணித்தால் மூடியின் மேல் முட்டி போட்டு அழுத்த வேண்டும். அதே இருபதை மடித்து அடுக்கினால் மூடி இரண்டு விரலில் மூடும். துணி ஒன்றும் குறையவில்லை. சூடான காற்று கசங்கிய துணி, குளிர்ந்த காற்று மடித்த துணி. பூஸ்ட் முள் காட்டுவது முட்டியின் பலத்தை, துணியின் எண்ணிக்கையை அல்ல. நான் மூடி லேசாக மூடுகிறதே என்று கவலைப்பட்டு இன்னும் துணியை வாங்கித் திணித்தேன்.

ப்ளோயர் ஒவ்வொரு சுற்றுக்கும் நிலையான அளவைத் தள்ளும் வகை என்பதால்தான் இப்படி. டர்போக்காரர்கள் இன்டர்கூலர் போட்டால் காற்று கூடும் என்பார்கள், அவர்கள் வண்டியில் அது சரி. அங்கே வேஸ்ட்கேட் என்ற வால்வு அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அழுத்தம் மாறாமல் காற்று குளிர்ந்தால் எடை கூடும். என் வண்டியில் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும், அழுத்தம் இறங்கும். டர்போவுக்குச் சொன்ன பேச்சை வைத்து ரூட்ஸ் ப்ளோயரை அளந்தது என் முதல் குழப்பம்.

அப்படியானால் லாபம் என்ன? நாக்கிங் எல்லை தள்ளிப் போகிறது, டைமிங்கைத் திரும்பக் கொடுக்கலாம், அதில்தான் திறன் இருக்கிறது. ப்ளோயருக்கும் எதிரழுத்தம் குறைகிறது. காற்றை 73 டிகிரி சூடாக்க என் பெல்ட் உச்ச வேகத்தில் கிட்டத்தட்ட 14 குதிரைத்திறனைத் தின்றுகொண்டிருந்தது; 6 பிஎஸ்ஐ-யில் அது 11-ஐ ஒட்டி வந்துவிடும்.

பிஸ்டன் உடைந்த கணக்கும் அதே பேப்பரில் வந்தது. அட்டவணையின் 8 பிஎஸ்ஐ வரிசை 103 டிகிரி காற்றுக்கு எழுதியது என்றேனே. புது புல்லி இன்ஜினைத் திரும்ப அதே வரிசைக்குக் கொண்டு போனது. ஆனால் இப்போது காற்று 55 டிகிரி. அதே அழுத்தத்தில் 14 சதவீதம் அடர்த்தி அதிகம். ஃபில்டரில் உட்கார்ந்திருந்த சென்சாருக்கு இந்த மாற்றம் தெரியவே வாய்ப்பில்லை. 11.8-ஐ 1.14-ஆல் பெருக்கினால் 13.4. லாகில் இருந்த அதே எண். அதன் மேல் நான் பெருமையாகக் கூட்டிய 4 டிகிரி. நான் பெட்ரோல் கூட்டியது 6 பிஎஸ்ஐ வரிசையில், ஓட்டியது 8-இல்.

இரண்டாவது முறை கட்டும்போது சிலிண்டர்களை 83.5 மி.மீ. ஆக்கி ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டேன். கம்ப்ரெஷன் அதே 9. ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஒரு தப்பைக் கொஞ்சம் நேரம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 70 மி.மீ. புல்லி திரும்ப வந்தது. இன்னொன்றும் கழற்றும்போது கண்ணில் பட்டது: 62 புல்லியைச் சுற்றி பெல்ட் பிடிக்கும் இடம் குறைந்ததால் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. முன்பக்கமெல்லாம் கறுப்புப் பொடி, பெல்ட்டின் வரிகளில் பளபளப்பு. ரூட்ஸ் ப்ளோயரில் பூஸ்ட் உச்ச ஆர்பிஎம் வரை ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். மேலே போகப் போக இறங்கினால் முதலில் பெல்ட்டையும், அடுத்து ஏர் ஃபில்டர் சின்னதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வெப்பநிலை சென்சார் இப்போது கூலருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிறது. முனை திறந்த வகை, காற்று நேரே மணியைத் தொடும். பித்தளை மூடி போட்ட வகை மெதுவாகத்தான் விழித்துக்கொள்ளும். மூன்றாவது கியர் இழுப்பு முடிந்த பிறகு சூடு ஏறியதைச் சொல்லி என்ன பயன்? மேனிஃபோல்டிலேயே திருகுவதும் வேண்டாம், இன்ஜின் உலோகத்தின் சூட்டைக் காட்டும்.

பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது. என்ஜிகே-யில் 6-லிருந்து 7. போஷ் பிளக்கில் எண் குறைந்தால்தான் குளிர்ந்தது, அவசரத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். இடைவெளி 1.1-லிருந்து 0.8 மி.மீ. பூஸ்டில் அழுத்தமான காற்றுக்குள் தீப்பொறி தாண்டுவது கஷ்டம், பெரிய இடைவெளி வைத்தால் உச்சத்தில் திக்கும்.

கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் பிசிவி வால்வுக்குப் பின்னால் ஒரு வழி வால்வும், ஆயில் பிடிக்கும் டப்பாவும் சேர்த்தேன். பழைய பிசிவி பூஸ்டில் முழுதாக மூடாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கிராங்க்கேஸுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. கூலரைக் கவிழ்த்தபோது அரை டம்ளர் ஆயில் ஊற்றியது. ஆயில் ஆவி காற்றோடு எரியப் போனால் பெட்ரோலின் ஆக்டேனை அது இறக்கும், அதாவது நாக்கிங்குக்கு அழைப்பு வைக்கும். நான் கண்டுபிடித்த காரணத்துக்கு இதுவும் கொஞ்சம் துணை போயிருக்கலாம்.

பைபாஸ் வால்வின் வேக்வம் குழாயையும் முதலில் தப்பான இடத்தில் சொருகியிருந்தேன். சும்மா போகும்போது அது திறந்து ப்ளோயரின் காற்றைத் திரும்ப வாய்க்கே அனுப்ப வேண்டும். மூடியே இருந்தால் மெதுவாகப் போகும்போதும் ப்ளோயர் வீணாகக் காற்றைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். சென்சார் சரியான இடத்துக்கு வந்த முதல் நாளே இது தெரிந்துவிட்டது.

அட்டவணையை அடியிலிருந்து புதிதாக நிரப்பினேன். முதலில் டைமிங்கை வேண்டுமென்றே பின்னால் வைத்து, பெட்ரோலை 11.5-க்கு ஒழுங்குபடுத்தி, அதன் பிறகு ஒவ்வொரு டிகிரியாக முன்னால். ஒரு மாற்றம், ஒரு இழுப்பு, வண்டியை நிறுத்தி லாக் படிப்பு. இன்ஜின் பிளாக்கில் ஒரு செம்புக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையில் ரப்பர் குழாய் வைத்து, காது மூடும் ஹெட்போனோடு இணைத்துப் பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்கார வைத்தேன். விசிலைத் தாண்டி நாக்கிங் கேட்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. இன்டர்கூலர் இல்லாத நாட்களைவிட உச்சத்தில் 5 டிகிரி கூடுதலாகக் கொடுத்தும் சத்தமே இல்லை.

இப்போது 30 டிகிரி நாளில் முழு இழுப்பின் முடிவில் ப்ளோயரின் வெளிவாயில் 88, த்ராட்டிலில் 48 டிகிரி காட்டுகிறது. பூஸ்ட் 6. பழைய 8 பிஎஸ்ஐ காலத்தைவிட வண்டி வேகம், அதே இடத்திலிருந்து அதே இடத்துக்கு லாகில் நேரம் பார்த்தாலே தெரிகிறது. பூஸ்ட் கேஜைக் கழற்றவில்லை, ஆனால் கண்ணுக்கு நேரே இருந்த இடத்தை விகிதக் கேஜுக்கும் காற்று வெப்பநிலைக்கும் கொடுத்துவிட்டேன்.

ஒரு வேலை பாக்கி. கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால் நெரிசலில் மெதுவாக ஊரும்போது கூலன்ட் சூடு முன்னைவிட 7, 8 டிகிரி ஏறுகிறது. ஓட்டம் பிடித்தால் இறங்கிவிடுகிறது. ஃபேன் முழு ரேடியேட்டரையும் இழுக்காமல் தனக்கு நேரே உள்ள வட்டத்தை மட்டும் இழுக்கிறது என்று சந்தேகம். பின்னால் ஒரு கூடு செய்து அடைக்கத் தகடு வெட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை மாட்டுவதற்கு முன்பே ரேடியேட்டரின் நாலு மூலையிலும் வெப்பநிலை எடுத்து எழுதிவிட்டேன்.